ஸ்கேன் ஆகாத பொருள்

பல்பொருள் அங்காடியின் பில் மேடையில் ஒரு பொருள் ஸ்கேன் ஆகவில்லை என்றால் காசாளர் செய்வது உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலத்தைக் கண்ணாடிக்கு மேல் மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கசங்கிய உறையை விரலால் நீவிவிடுவார், ஈரம் இருந்தால் துடைப்பார். அப்போதும் 'பீப்' ஒலி எழவில்லை என்றால் கோடுகளுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். அந்த எண்ணையும் கணினி ஏற்காவிட்டால், பொருள் இருந்த அலமாரிக்கு யாராவது போய் விலை பார்த்துவர வேண்டும். அதுவரை வரிசை நகராது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த இடைவெளியில் வாடிக்கையாளர் எவராவது 'விலை காட்டவில்லையா, அப்படியானால் இலவசம்தான்' என்று சொல்வது வழக்கம். காசாளர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நகைச்சுவை அது. இரண்டாம் முறை இழுப்பதும் எண்ணைத் தட்டுவதும் கடைப் பழக்கமாகத் தானே வந்துவிடவில்லை. பார்கோடு சில சமயம் தவறும் என்பதை எதிர்பார்த்தே அதை வடிவமைத்தார்கள்.

பார்கோடு இல்லாத காலத்துக் கல்லாவில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி 1879இல் காசுப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பணியாளர்கள் கல்லாவில் கைவைக்கிறார்கள் என்ற சந்தேகமே அவரை அதில் இறக்கியது. 1884இல் ஜான் பாட்டர்சன் அந்தத் தொழிலை வாங்கி 'நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்' என்ற நிறுவனமாக வளர்த்தார். பிற்பாடு என்.சி.ஆர். என்று அறியப்பட்ட அந்த நிறுவனம் இந்த வரலாற்றில் இரண்டு முறை திரும்ப வரும். பதிவு இயந்திரம் திருட்டைக் குறைத்தது. ஆனால் விலை என்ன என்று அதற்குத் தெரியாது, காசாளருக்குத்தான் தெரிய வேண்டும்.

மெம்ஃபிஸ் நகரில் 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த 'பிக்லி விக்லி' கடையில் வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து சாமான் எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. 1930இல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் தொடங்கிய 'கிங் கல்லன்' அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. கடைக்காரர் எடுத்துக்கொடுத்தவரை விலை அவர் மனத்தில் இருந்தால் போதும். வாடிக்கையாளர் எடுக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு டப்பாவிலும் பாட்டிலிலும் விலையை ஒட்டவோ முத்திரை குத்தவோ வேண்டியதாயிற்று. விலை ஏறினால் பழையதை அழித்துப் புதியதை ஒட்ட வேண்டும். கல்லாவில் அந்தச் சீட்டைப் பார்த்துத் தட்ட வேண்டும், சீட்டு உதிர்ந்திருந்தால் குரல் கொடுத்து விலை கேட்க வேண்டும். வரிசை நீள்வது, தட்டச்சுப் பிழை, எந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்று தெரியாமை ஆகிய மூன்றும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரிய கடைக்காரர்களை வாட்டின.

அப்படிப்பட்ட ஒருவர், ஓர் உணவுக்கடைச் சங்கிலியின் தலைவர், 1948இல் ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் கல்விநிலையத்துக்குப் போய், கல்லாவில் பொருளைத் தானாக அறியும் முறை ஒன்றை ஆராய்ந்து தரும்படி கேட்டார். கல்விநிலையம் அதில் அக்கறை காட்டவில்லை. அந்த உரையாடலைக் காதில் வாங்கிய பெர்னார்ட் சில்வர் என்ற பட்ட மாணவர் அங்கேயே இருந்த தன் நண்பர் நார்மன் ஜோசஃப் உட்லண்டிடம் சொன்னார். புற ஊதா ஒளியில் மின்னும் மையை முதலில் முயன்றார்கள். மை மங்கியது, செலவும் கூடியது. உட்லண்ட் டிரெக்சலை விட்டு விலகி ஃப்ளோரிடாவின் மயாமி கடற்கரையில் தன் தாத்தாவின் வீட்டுக்குப் போய்ச் சிந்தித்தார். சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் குறிதான் அவருக்குத் தெரிந்த ஒரே குறியீடு. 1949 ஜனவரியில் மணலில் விரல்களை ஊன்றித் தன் பக்கமாக இழுத்தபோது நான்கு கோடுகள் விழுந்தன. மோர்ஸின் புள்ளியையும் கீற்றையும் கீழே நீட்டினால் மெல்லிய கோடும் தடித்த கோடும் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது.

கோடுகளை அவர் உடனே வட்டமாக வளைத்தார். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். குறிபார்த்துச் சுடும் பலகையைப் போன்ற அந்த வடிவத்துக்கு இருவரும் 1949 அக்டோபர் 20 அன்று விண்ணப்பித்து, 1952 அக்டோபர் 7 அன்று 2,612,994 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார்கள். உட்லண்டின் வீட்டில் அவர்கள் கட்டிய முதல் கருவி ஒரு மேசை அளவு இருந்தது. ஒளிக்கு 500 வாட் பல்பு, அதைப் படிக்கத் திரைப்பட ஒலிப் பட்டைக்கென உருவான ஒளிமின் குழாய். கோடுகள் நகரும்போது அலைகாட்டியின் திரையில் குறி அசைந்தது. கருவி வேலை செய்தது என்பதற்கு அதுதான் சான்று. பல்பின் சூட்டில் காகிதம் புகையத் தொடங்கியது. எண்ணம் சரியானது, ஆனால் அதைச் சுமக்கும் விளக்கும் கணினியும் அன்று இல்லை. காப்புரிமை ஃபில்கோ நிறுவனத்துக்கு 15,000 டாலருக்குப் போய், அங்கிருந்து ஆர்.சி.ஏ. கைக்கு மாறி, 1969இல் காலாவதியானது. சில்வர் 1963இலேயே 38 வயதில் இறந்துவிட்டார்.

1960களில் லேசர் வந்தது. ஹீலியம்–நியான் லேசரின் சிவப்புக் கற்றை மெல்லியது, வலுவானது, காகிதத்தைச் சுடாதது. கணினியின் விலையும் இறங்கத் தொடங்கியது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1972 ஜூலை 3 அன்று சின்சினாட்டி நகரின் கென்வுட் பிளாசாவிலிருந்த க்ரோகர் கடையில் வட்டக் குறியை நிறுவிச் சோதித்தது. சீட்டுகளைக் கையால்தான் ஒட்டினார்கள், ஆனாலும் கல்லா வேகம் கூடியது. வட்டத்தின் குறை அச்சகத்தில்தான் வெளிப்பட்டது. வேகமாக ஓடும் அச்சு இயந்திரத்தில் காகிதம் போகும் திசையில் மை சற்று இழுபடும். வட்டமான கோடு அந்தத் திசையில் தடித்துவிடும், இடைவெளி அடைந்துவிடும், கருவியால் குறியைப் படிக்க முடியாது. நேர்க்கோடுகளை அச்சு ஓடும் திசையிலேயே அமைத்தால் மை இழுபட்டாலும் கோடு சற்று நீளுமே தவிரத் தடிக்காது. உட்லண்ட் மணலில் முதலில் கண்ட வடிவமே இவ்விதம் வட்டத்தை வென்றது.

அமெரிக்க மளிகைத் தொழிலின் உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் 1970இல் ஒரு கூட்டுக் குழுவை அமைத்திருந்தார்கள். ஹைன்ஸ் நிறுவனத்தின் பர்ட் குக்கின் தலைவர். எண்முறையை அந்தக் குழு முடிவுசெய்ய, குறியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆலன் ஹேபர்மன் தலைமையிலான உட்குழுவுக்குப் போனது. குறி சிறியதாக இருக்க வேண்டும், எந்தத் திசையிலும் படிய வேண்டும், சாதாரண அச்சகத்திலேயே அச்சாக வேண்டும் என்பவை அவர்களின் நிபந்தனைகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று: தவறாகப் படித்து அதைச் சரியென்று சொல்லும் நிகழ்வு மிக மிக அரிதாக இருக்க வேண்டும். படிக்காமல் விடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், மாற்றிப் படிப்பதைப் பொறுக்க முடியாது. இன்றும் ஸ்கேனர் ஐயம் வந்தால் மௌனமாக இருந்துவிடுவதற்கு இந்த முடிவே அடிப்படை. வரிசையில் நிற்பவருக்கு எரிச்சல் தரும் அந்த மௌனம், சோப்புக்குப் பதில் நெய்யின் விலை விழாமல் காக்கிறது.

போட்டிக்கு வந்த வடிவங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வரைந்தது 1973 ஏப்ரல் 3 அன்று தேர்வானது. ஐ.பி.எம்.மில் அப்போது உட்லண்டும் இருந்தார். வட்டக் குறியை ஆதரிக்கும்படி லாரருக்கு மேலிடத்துச் சொல் இருந்தது, அவர் கேட்கவில்லை. மேலதிகாரிக்குக் காட்டிய செயல்விளக்கத்தின் முடிவில், அடியில் குறி ஒட்டிய சாம்பல் கிண்ணங்களை நிறுவனத்தின் சாஃப்ட்பால் வீரர் ஒருவர் ஸ்கேனருக்கு மேலாக முழு வேகத்தில் வீசினார். ஒவ்வொன்றும் சரியாகப் படிந்தது என்று லாரர் பின்னாளில் எழுதினார்.

அவர் வடிவத்தில் 12 எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஏழு சம அகலக் கட்டங்களில் இரண்டு கறுப்புக் கோடும் இரண்டு வெள்ளை இடைவெளியுமாக அமையும். ஓரங்களிலும் நடுவிலும் காவல் கோடுகள். எல்லாம் சேர்த்து 95 கட்டங்கள். இடப் பாதியின் எண்களில் கறுப்புக் கட்டங்கள் ஒற்றைப்படை, வலப் பாதியில் இரட்டைப்படை. எனவே பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் எந்தப் பக்கம் தொடக்கம் என்று கருவிக்குத் தெரியும். ஒரு பாதி இங்கும் மறுபாதி அங்கும் படிந்தாலும் சேர்த்துக்கொள்ள முடியும். கோடுகளின் உயரமும் அலங்காரம் அல்ல. லேசர் கற்றை குறுக்காக எக்ஸ் வடிவில் பாய்கிறது. ஒவ்வொரு பாதியும் தன் அகலத்தைவிட உயரமாக இருந்தால்தான் எந்தக் கோணத்திலும் ஏதோ ஒரு கற்றை அதை முழுவதுமாகக் கடக்கும். அட்டையில் இடம் மிச்சப்படுத்த வடிவமைப்பாளர் கோடுகளின் தலையை வெட்டும்போது கடைக்காரரின் நேரத்தை வெட்டுகிறார்.

கடைசி எண் சரிபார்ப்புக்கு உரியது. 12345678901 என்ற பதினொரு எண்களை எடுத்துக்கொண்டால், ஒற்றை இடங்களில் உள்ள 1, 3, 5, 7, 9, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 26, அதன் மும்மடங்கு 78. இரட்டை இடங்களில் உள்ள 2, 4, 6, 8, 0 சேர்ந்து 20. இரண்டும் சேர 98. அடுத்த பத்தின் மடங்கான 100ஐ எட்ட 2 தேவை, எனவே பன்னிரண்டாம் எண் 2. ஸ்கேனர் தன் வாசிப்பை இதைக் கொண்டு சோதிக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டால் மிகுந்த பயன் பெறுபவர் கையால் தட்டும் காசாளர். ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் கணக்கு கட்டாயம் உதைக்கும். அடுத்தடுத்த இரண்டு எண்களை இடம் மாற்றித் தட்டினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவ்விரண்டின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். கோடுகளுக்குக் கீழே எண்கள் அச்சாகியிருப்பதே இந்த மனிதருக்காகத்தான். ஸ்கேனருக்கு அவை வேண்டியதில்லை.

1974 ஜூன் 26 அன்று காலை 8 மணி 1 நிமிடத்துக்கு ஒஹாயோவின் டிராய் நகரிலிருந்த மார்ஷ் கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது: பத்து பொதிகள் கொண்ட ரிக்லியின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், விலை 67 சென்ட். வாங்கியவர் மார்ஷ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் கிளைட் டாசன், கல்லாவில் ஷாரன் புக்கனன். என்.சி.ஆர். நிறுவனத்தின் டேட்டன் தலைமையகம் அருகில் இருந்ததால்தான் இந்தச் சிற்றூருக்கு அந்த வாய்ப்பு. உற்பத்தியாளர்கள் பெரும்பாலோர் இன்னும் குறியை அச்சிடத் தொடங்காததால் முந்தைய இரவு பணியாளர்கள் நூற்றுக்கணக்கான பொருள்களில் கையால் ஒட்டியிருந்தார்கள். சூயிங்கம் முதலில் வந்தது தற்செயல் அல்ல. அவ்வளவு சிறிய உறையில் அச்சிட்ட குறி படியுமா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது, அதற்கு விடைசொல்லவே டாசன் அதை எடுத்தார். அந்த ஸ்கேனர் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெற்றி உடனே வரவில்லை. குறி அச்சான பொருள்கள் குறைவு என்பதால் கடைகள் ஸ்கேனர் வாங்கவில்லை. ஸ்கேனர் வைத்த கடைகள் குறைவு என்பதால் உற்பத்தியாளர்கள் அச்சிட அவசரப்படவில்லை. 'பிசினஸ் வீக்' இதழ் 1976இல் இதைத் தோல்வி என்றே எழுதியது. எதிர்ப்பு இன்னொரு பக்கமிருந்தும் வந்தது. கணினிக்கே விலை தெரியும் என்றால் ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்ட வேண்டாம் என்று கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த சேமிப்பில் பெரும்பங்கு அதுதான். நுகர்வோர் அமைப்புகள் இதில் ஆபத்தைக் கண்டன. விலை பொருளை விட்டு நீங்கி, கண்ணுக்குத் தெரியாத கணினிக்குள் போய்விட்டால், வாங்குபவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? கேள்வி நியாயமானது.

மிச்சிகன் மாநிலம் 1976இல் ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. கூடவே, ஸ்கேனர் கூடுதல் விலை காட்டினால் வித்தியாசத் தொகையையும், அதன் பத்து மடங்கை ஈட்டுத்தொகையாகவும் கடை தர வேண்டும். ஈட்டுத்தொகை குறைந்தது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர். 2011இல் விலை ஒட்டும் கட்டாயம் நீங்கியது, ஈட்டுத்தொகை நீங்கவில்லை. கனடாவில் 2002இல் வந்த தன்னார்வ நெறிமுறையை ஏற்ற கடைகளில், அறிவித்த விலையைவிடக் கூடுதலாக ஸ்கேனர் காட்டினால் 10 டாலர் வரையுள்ள பொருள் இலவசம், அதற்கு மேற்பட்டதில் 10 டாலர் தள்ளுபடி. காசாளரைச் சலிக்க வைத்த அந்த நகைச்சுவைக்கு மிக அருகில் வந்த விதி இது. ஆனால் இங்கே இலவசம் கிடைப்பது பீப் ஒலி எழுந்து தவறான விலை விழும்போதுதான், ஒலி எழாதபோது அல்ல.

இரண்டு பிழைகளையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒலி எழாத பிழையை எல்லோரும் கவனிக்கிறார்கள், உடனே திருத்தப்படுகிறது. ஒலி எழுந்து பழைய விலையோ காலாவதியான தள்ளுபடியோ விழும் பிழையை யாரும் கவனிப்பதில்லை, அது கோடுகளின் குறையும் அல்ல. அலமாரிச் சீட்டை மாற்றியவர் கணினியில் மாற்ற மறந்தார், அல்லது கணினியில் மாற்றியவர் சீட்டை மறந்தார். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பொருள்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்தில் விலை தவறியிருந்தது. அவற்றில் கடைக்கு நட்டமான தவறுகள் வாடிக்கையாளருக்கு நட்டமானவற்றைவிடச் சற்று அதிகம். 1998இல் மறுபடி பார்த்தபோது தவறு முப்பதில் ஒன்றாகக் குறைந்திருந்தது.

ஒலி எழாமைக்குக் காரணங்கள் பெரும்பாலும் ஒளியைப் பற்றியவை. ஸ்கேனர் கறுப்புக் கோட்டைப் பார்ப்பதில்லை. வெள்ளையில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் கறுப்பு விழுங்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டையே அளக்கிறது. லேசர் சிவப்பு என்பதால் சிவப்பு மையில் அச்சிட்ட கோடும் வெள்ளைத் தாளும் அதற்கு ஒன்றுதான். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பார்கோடு கருவிக்கு வெறும் தாள். நீலமும் கரும்பச்சையும் படியும். சிப்ஸ் பொட்டலத்தின் வெள்ளி மினுமினுப்பு ஒளியை வேறெங்கோ திருப்பிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால் உறையில் நீர்த்துளி படர்ந்து கோட்டை உடைக்கும். மெல்லிய பாட்டிலைச் சுற்றிக் கோடுகளை நிறுத்தினால் ஓரக் கோடுகள் வளைவில் மறையும், அதனால்தான் அங்கே ஏணிப்படிபோலக் கிடைமட்டமாக அச்சிடுகிறார்கள். இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது. கோடுகளின் இருபுறமும் வெற்று இடம் இருக்க வேண்டும், குறி எங்கே தொடங்குகிறது என்று கருவி அதைக் கொண்டுதான் அறிகிறது. அந்த வெற்றிடத்தில் ஒரு பூவையோ விளம்பர வாசகத்தையோ வைத்து நிரப்பியதால் படியாமல்போன உறைகள் ஏராளம்.

ஜெர்மனியின் ஆல்டி இந்தச் சிக்கலைத் தனக்கே உரிய முறையில் கையாண்டது. அதன் கடைகளில் பொருள் வகைகள் குறைவு. காசாளர்கள் குறியெண்களை மனப்பாடம் செய்து, பொருளைப் பார்த்த மாத்திரத்தில் தட்டினார்கள். அந்த வேகத்தை ஸ்கேனரால் எட்ட முடியாது என்று நம்பிய நிறுவனம், மற்றவர்கள் இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த கருவியை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஏற்றது. ஏற்றபோது உறைகளையே மாற்றியது. பொட்டலத்தின் பல பக்கங்களிலும் நீண்ட பார்கோடு அச்சானது, எப்படிப் பிடித்தாலும் ஏதாவது ஒன்று கண்ணாடியைப் பார்க்கும். சொந்தப் பெயரில் சரக்கு விற்கும் கடைக்கு மட்டுமே கைகூடும் தீர்வு இது. அடுத்தவர் உறைமேல் கடைக்காரருக்கு அதிகாரம் இல்லை.

படியாத குறியைப் படிக்கும் திறமை ஒருமுறை அமெரிக்க அரசியலுக்குள்ளும் நுழைந்தது. 1992 பிப்ரவரி 4 அன்று ஒர்லாண்டோவில் மளிகைக் கடைக்காரர்கள் மாநாட்டில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் என்.சி.ஆர். நிறுவனத்தின் புதிய ஸ்கேனரைப் பார்த்தார். ஐந்து துண்டுகளாகக் கிழித்து இடம் மாற்றி வைத்த பார்கோடையும் அது படித்துக் காட்டியது. அதிபர் வியந்தார். சாதாரண ஸ்கேனரையே அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்ற தொனியில் மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' எழுத, மக்கள் வாழ்க்கை தெரியாத தலைவர் என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. நவம்பரில் அவர் தேர்தலில் தோற்றதற்கு இதுவே காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வியப்பதற்கு உரிய கருவியைக் கண்டு வியந்தார் என்ற விளக்கம் அந்தப் பெயரைத் துடைக்கவும் போதவில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரை தனக்கென ஒரு முறையை 1977இல் அமைத்தது. ஐரோப்பியர்கள் 12 எண்ணை 13 ஆக்கினார்கள். ஆனால் முன்னே சேர்ந்த அந்தக் கூடுதல் எண்ணுக்குத் தனிக் கோடு இல்லை. இடப் பாதியின் ஆறு எண்களில் எவை ஒற்றைப்படை, எவை இரட்டைப்படை என்ற வரிசையிலேயே முதல் எண் மறைந்திருக்கிறது. லாரரின் கோடுகளைத் தொடாமல் ஓர் எண்ணைக் கூடுதலாகச் செருகிய அழகான உத்தி. விளைவு ஒருதலையாக இருந்தது: அமெரிக்கக் குறி ஐரோப்பாவில் படிந்தது, ஐரோப்பிய, ஆசியப் பொருள்களின் 13 எண்கள் பல அமெரிக்கக் கடைகளின் கணினிக்குள் நுழையவில்லை. அந்தச் சந்தைக்கென ஏற்றுமதியாளர்கள் தனியாக 12 எண் வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. 2005 ஜனவரி 1க்குள் எல்லோரும் 13 எண்ணை ஏற்க வேண்டும் என்று கெடு வைத்த பிறகே அது தீர்ந்தது. இந்தியாவில் பதிவான எண்கள் 890 என்றும் இலங்கையில் பதிவானவை 479 என்றும் தொடங்குகின்றன. அந்த எண் எங்கே பதிவானது என்பதைத்தான் காட்டும், பொருள் எங்கே உற்பத்தியானது என்பதை அல்ல.

இந்தியாவுக்குப் பார்கோடு வந்தபோது நிலைமை மிச்சிகனுக்கு நேர்மாறாக இருந்தது. எண் வழங்கும் அமைப்பு 1996இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சென்னையில் 'ஃபுட்வேர்ல்டு' கடைகள் தொடங்கின. ஆனால் அதற்கு முன்பே, 1990இல் பொட்டலப் பொருள் விதிகளில் செய்த திருத்தம், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையை (எம்.ஆர்.பி.) உறையிலேயே அச்சிட வைத்திருந்தது. அமெரிக்க நுகர்வோர் போராடிக் கேட்ட விலைச்சீட்டு இங்கே உற்பத்தியாளரின் அச்சகத்திலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே ஸ்கேன் ஆகாத பொருளுக்காக இந்தியக் காசாளர் அலமாரிக்கு ஆள் அனுப்புவது குறைவு. உறையைத் திருப்பி எம்.ஆர்.பி.யைப் பார்க்கிறார், பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டித் திரையில் வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்.

அதே எம்.ஆர்.பி. புதியதொரு தடங்கலையும் கொண்டுவந்தது. விலை ஏறும்போது உறையில் அச்சான தொகை மாறும், பார்கோடு மாறாது. பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கும்போது ஒரே எண்ணுக்கு இரண்டு விலை. பீப் ஒலி எழுகிறது, ஆனால் பில் நகர்வதில்லை. எந்த விலை என்று திரை கேட்கிறது, காசாளர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். கையில் இருக்கும் உறையில் 45 ரூபாய் என்று இருக்க, பில்லில் 48 விழுந்துவிட்டால் வாடிக்கையாளர் விடமாட்டார். சட்டமும் அவர் பக்கம்தான்.

கோடே இல்லாத பொருள்களுக்கு வேறு வழி. உதிரியாக விற்கும் காய்கனிகளுக்கு 1990 முதல் நான்கு எண் குறிகள் வழங்கிவருகின்றன. வாழைப்பழத்தின் 4011 காசாளர்களுக்குத் தூக்கத்திலும் மறக்காத எண். இயற்கை வேளாண்மையில் விளைந்ததென்றால் முன்னே ஒரு 9 சேரும். கடையிலேயே நிறுத்துக் கட்டும் இறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கு 2 என்று தொடங்கும் குறியைத் தராசே அச்சிட்டுத் தருகிறது, அதற்குள்ளேயே விலையோ எடையோ இருக்கும். அந்தக் கடைக்கு வெளியே அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. வேறு கிளையில் வாங்கியதை இங்கே கொண்டுவந்தால் சில சமயம் ஸ்கேன் ஆகாமல்போவது இதனால்தான்.

வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் பரவியபோது நீவிவிடுவதும் துடைப்பதும் அவர் வேலையாகிவிட்டன. அனுபவமுள்ள காசாளர் பொருளைக் கையில் எடுக்கும்போதே கோடு எந்தப் பக்கம் என்று அறிந்திருப்பார், வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். அவரால் முடியாதபோது கம்பத்தின் மேல் விளக்கு எரியும், ஐந்தாறு இயந்திரங்களைக் கவனிக்கும் ஒரே பணியாளர் வந்து எண்ணைத் தட்டுவார். லேசருக்குப் பதிலாகப் படம் பிடித்துப் படிக்கும் ஸ்கேனர்கள் வந்த பின் கசங்கலும் கறையும் முன்புபோலத் தொல்லை தருவதில்லை.

ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா 1994இல் உருவாக்கிய கியூ.ஆர். குறி இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது. மோட்டார் வாகன உதிரிபாகங்களுக்காகப் பிறந்த அது, அழுக்கிலும் எண்ணெய்க் கறையிலும் படிய வேண்டியிருந்தது. லாரரின் சரிபார்ப்பு எண் தவறு நடந்தது என்று மட்டும் சொல்லும். கியூ.ஆர். குறியின் கணக்கு, தவறு எங்கே என்று கண்டு அதைத் திருத்தவும் செய்யும். மிக உயர்ந்த திருத்த நிலையில் குறியின் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை சேதமானாலும் செய்தி மீளும். 2027 முடிவதற்குள் உலகெங்கும் கல்லாக்கள் இவ்வகைச் சதுரக் குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்பது பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் இலக்கு. பழைய கோடுகள் அப்போதும் அருகிலேயே இருக்கலாம்.

புதிய குறியில் பொருளின் எண்ணோடு தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அடங்கும். ஆஸ்திரேலியாவின் ஊல்வொர்த்ஸ் அங்காடி நிறுவனம் 2019இல் இறைச்சிப் பொட்டலங்களில் இதைத் தொடங்கியது. தேதி கடந்த பொட்டலமோ, திரும்பப் பெறும்படி உற்பத்தியாளர் அறிவித்த தொகுதியோ கல்லாவுக்கு வந்தால் இயந்திரம் குறியைச் சரியாகப் படித்த பின்பும் விற்க மறுக்கும். கோடுகளைத் துடைப்பதும் நீவுவதும் அங்கே பயன்படாது. அந்தப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு வேறொன்றை எடுத்துவரச் சொல்ல வேண்டியதுதான்.